லஸ் முனையில் அடிபட்ட கல்யாணக் கிடா

இறைச்சிச் சந்தைப் பணிக்குப் புதிதாக வரும் நண்பர்களுக்கு,

எனக்கு வேறு பகுதிக்கு மாற்றலாகிவிட்டது. போகுமுன் இந்த மயிலாப்பூர் சந்தையைப் பற்றி நாலு பக்கம் எழுதி வைத்துவிட்டுப் போ என்று மேலதிகாரி சொன்னார். நுரையீரலை எப்படித் தொட்டுப் பார்ப்பது, எங்கே கீறிப் பார்ப்பது என்பதெல்லாம் பயிற்சியிலேயே உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதையே நானும் எழுதினால் உங்களுக்குத் தூக்கம் வரும். பயிற்சியில் யாரும் சொல்லித்தராத ஒன்றை எழுதுகிறேன். நாம் கறியின்மேல் குத்துகிற நீல முத்திரை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை.

நான் சாந்தோம் குப்பத்துக்காரன். அப்பாவுக்குக் கட்டுமரம். அம்மா இதே சந்தையில் மீன் விற்கிறாள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துப் படியேறிய முதல் ஆள் நான்தான். மீன் வரிசை என் பொறுப்பில் இல்லை, வேறொருவர் பார்க்கிறார்; ஆகவே உத்தியோக முறையில் அம்மாவுக்கும் எனக்கும் சண்டை வந்ததில்லை. மற்ற முறைகளில் வந்ததுண்டு.

வேலைக்கு வந்த புதிதில் அந்த முத்திரைமேல் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. எங்கள் வமிசத்தில் யாருடைய கையெழுத்துக்கும் மதிப்பு இருந்ததில்லை. இப்போது நான் குத்தினால் கறி விற்கலாம், குத்தாவிட்டால் விற்க முடியாது. ஒருநாள் மஸ்தான் பாய் கடையில் வெள்ளைத் துப்பட்டி போர்த்திய ஓர் அம்மாள் தொடைக்கறியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "யாரு அறுத்தது?" என்று கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். "முத்திரை இருக்கும்மா, பாருங்க" என்றேன்.

"இருக்கட்டும் தம்பி. சீக்கு இல்லன்னு நீ சொல்லிட்ட. அறுத்தது யாருன்னு அவருதான சொல்லணும்?" என்று அந்த அம்மாள் மஸ்தான் பாய் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்குச் சுருக்கென்று இருந்தது. இவ்வளவு படித்து வந்து முத்திரை குத்தினால் அதற்கும் மேலே ஒரு கேள்வியா என்று நினைத்தேன். பிறகு மெதுவாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். உங்களுக்கும் அது தேவைப்படும் என்பதால் சுருக்கமாக எழுதுகிறேன்.

முஸ்லிம்களுக்குப் பன்றி கூடாது, ரத்தம் கூடாது, தானாகச் செத்தது கூடாது. ஆடு, மாடு, கோழி கூடும். அதுவும் இறைவன் பெயரைச் சொல்லி, கழுத்தில் கத்தி வைத்து, ரத்தம் ஓட அறுத்தால்தான். அடிபட்ட பிராணி, மேலிருந்து விழுந்த பிராணி, இன்னொன்று முட்டிச் சாய்த்த பிராணி, இவற்றுக்கும் ஒரு வழி உண்டு. உயிர் இருக்கும்போதே கத்தி எட்டிவிட்டால் கூடும். எட்டாவிட்டால் அது செத்த பிராணிதான். அதற்குப்பிறகு எவ்வளவு அழகாக அறுத்தாலும் கூடாது. 'கூடும்', 'கூடாது' என்ற இரண்டு சொற்களும் இந்தச் சந்தையில் நாள் முழுக்க உங்கள் காதில் விழும். நம் முத்திரைக்கும் அந்தச் சொற்களுக்கும் சம்பந்தமில்லை என்பதை எனக்குப் புரியவைத்தது ஒரு கிடா.

மாம்பலத்தில் புதிதாக வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த ஒரு தெருவில் யூசுப் சாயபு என்று ஒரு தையற்காரர். அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் திருவல்லிக்கேணிக்காரர்கள், உருது பேசுகிறவர்கள், சாப்பாட்டு விஷயத்தில் மிகவும் கண்டிப்பானவர்கள். விருந்துக்காக யூசுப் சாயபு வீட்டிலேயே இரண்டு கிடாக்களை வளர்த்தார். அதில் பெரியதுக்குக் கல்யாணப்பெண் சுல்தான் என்று பெயர் வைத்து, கடலையும் அகத்திக்கீரையும் கொடுத்துத் தேற்றியிருந்தாள். அந்த மாதம் ஊரெங்கும் கல்யாணம். சந்தையில் நல்ல கிடா கிடைப்பதே பாடாக இருந்தது.

அறுக்கும் பொறுப்பு மஸ்தான் பாய் கடையுடையது. அவருடைய தம்பி ஜாபருக்கு என் வயதுதான் இருக்கும். அதுவரை அண்ணனுக்கு ஆடு பிடித்துக் கொடுப்பான், தோல் உரிப்பான். அந்த வருஷம்தான் பள்ளிவாசல் இமாம் அவனைச் சோதித்துப் பார்த்து, தனியாக அறுக்கலாம் என்று சொல்லியிருந்தார். அவன் கையால் அறுத்ததை ஊர் நம்பிச் சாப்பிடுமா என்பது இனிமேல்தான் தெரியவேண்டும். யூசுப் சாயபுவின் விருந்துதான் அவன் தனியாக ஏற்றுக்கொண்ட முதல் பெரிய விருந்து.

கல்யாணத்துக்கு முதல்நாள் காலை. இரண்டு கிடாக்களையும் கயிற்றில் பிடித்துக்கொண்டு ஜாபர் மாம்பலத்திலிருந்து நடந்து வந்தான். லஸ் முனையில் டிராம் வந்து நிற்கும் இடத்தில் எப்போதும் நெரிசல்தான். பின்னாலிருந்து ஒரு மோட்டார் ஹாரன் அடித்தது. சுல்தான் மிரண்டு, கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு ஓடி, நேரே வண்டியின் முன்னால் போய் விழுந்தது.

நான் எதிர்ப்பக்கம் சைக்கிளை விட்டு இறங்கி நின்றுகொண்டிருந்தேன். நான் கண்டது இதுதான். கிடா பக்கவாட்டில் கிடந்தது. ஜாபர் இன்னொரு கிடாவின் கயிற்றை யாரோ ஒரு ஜட்காக்காரர் கையில் திணித்துவிட்டு ஓடினான். இடுப்பிலிருந்த துணிச்சுருளை உதறிக் கத்தியை எடுத்தான். "பிஸ்மில்லாஹி, அல்லாஹு அக்பர்" என்று அவன் கத்தியது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அதற்குள் ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களுடைய கால்களுக்கு நடுவே ரத்தம் டிராம் தண்டவாளத்தை நோக்கி வந்தது. அவ்வளவுதான்.

முனையிலிருந்த வெற்றிலைபாக்குக் கடைக்காரர் உட்கார்ந்த இடத்திலிருந்தே தீர்ப்புச் சொன்னார்: "செத்துப்போனத அறுக்கறான்யா! வண்டி ஏறும்போதே அது பூட்ச்சி."

"நீ பாத்தியா?" என்றார் ஒருவர்.

"பாக்கறதுக்கு இன்னா கீது? மோட்டாருன்னா சொம்மாவா?"

கிடாவைக் கைவண்டியில் ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுவருவதற்குள் அந்தப் பேச்சு முன்னால் வந்து சேர்ந்துவிட்டது. கறி வரிசை, காய் வரிசை, பூக்காரிகள் உட்காரும் வாசல் என்று எல்லா இடத்திலும் 'மஸ்தான் கடையில செத்த ஆடு' என்பதுதான் பேச்சு. உங்களுக்கு இதன் கனம் தெரியவேண்டும். எடை குறைத்தான் என்று பெயர் வாங்கிய கசாப்புக்காரன் அடுத்த மாதம் எடையைச் சரியாகப் போட்டு மீண்டுவிடலாம். செத்ததை விற்றான் என்று பெயர் வாங்கியவனிடம் அவன் சொந்தக்காரர்களே வாங்கமாட்டார்கள். இங்கே கத்தி அண்ணனுடையதுகூட இல்லை. நேற்றுத்தான் கையில் பிடித்த தம்பியுடையது.

விபத்தில் அடிபட்டதை அந்த இடத்திலேயே அறுத்திருந்தால், நாம் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். பார்த்தேன். விலாப்பக்கம் நசுங்கியிருந்தது, அந்தப் பகுதியை வெட்டி ஒதுக்கச் சொன்னேன். மற்றதில் நோயில்லை, கெடவில்லை. ரத்தம் வடிந்திருந்தது. நன்றாக வடிந்திருந்தது என்றும் சொல்லலாம், சுமாராக வடிந்திருந்தது என்றும் சொல்லலாம்; அப்படி ஒரு நடுவாந்தரம்.

"குத்து சார் முத்திரைய. ஊரு வாய மூடணும்" என்றார் மஸ்தான் பாய்.

"சீக்கு இல்ல பாய், குத்திடறேன். ஆனா ஊரு கேக்கறதுக்கு இதுல பதில் இல்லியே" என்றேன். குத்தினேன். யாருடைய வாயும் மூடவில்லை.

மாம்பலத்திலிருந்து யூசுப் சாயபு ஓடிவந்தார். அளவு எடுக்கும் நாடா கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. கொக்கியில் தொங்கிய சுல்தானைப் பார்த்தார், பார்வையைத் திருப்பிக்கொண்டார். நான் லஸ்ஸில் நின்றிருந்தேன் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நைனா, நீ அங்கதான இருந்த? அறுத்தப்போ கால் ஒதச்சுதுன்னு ஒரு வார்த்த சொல்லு. நீ எங்க ஆளும் இல்ல, மாப்ள வூட்டு ஆளும் இல்ல. கவர்மெண்ட் ஆளு. நீ சொன்னா அத்தினி பேரும் கம்முனு ஆயிடுவாங்க."

நண்பர்களே, இதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அந்த வார்த்தைக்கு எனக்கு ஒரு செலவும் இல்லை. லஸ்ஸில் சூழ்ந்து நின்ற வழிப்போக்கர்கள் அவரவர் வழியில் போய்விட்டார்கள்; மறுத்துச் சொல்லச் சாட்சி யாரும் இல்லை. எதிரே மகள் கல்யாணத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் நிற்கிறார். கறியில் நோயில்லை என்று எனக்கே தெரியும், சாப்பிட்டால் யாருக்கும் வயிற்றுவலிகூட வராது. உதைத்திருக்கவும் கூடும். உதைத்திருக்க வேண்டும் என்று எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆசைப்படுகிறதைக் கண்டதாக நினைத்துக்கொள்ள மனசுக்கு எவ்வளவு சுலபம் என்று அப்போது பார்த்தேன். யூசுப் சாயபு கையைப் பிடித்த பிடியில், கிடாவின் பின்னங்கால் தூக்கிப் போட்டதுபோல ஒரு படமே எனக்குள் வந்துவிட்டது. எதிர்ப்பக்கம் நின்ற எனக்கு மனிதர்களின் கால்கள்தான் தெரிந்தன.

"சாயபு, ஜாபர் ஓடினத பாத்தேன். பேர் சொன்னத கேட்டேன். ரத்தம் வந்தத பாத்தேன். கால் ஒதச்சுதான்னு பாக்கல. கும்பல் மறச்சிடுச்சி."

ஜாபர் கொக்கிக்குப் பின்னாலிருந்து பாய்ந்து வந்தான். "இன்னா சார்! நேரெதிர்ல நின்னுக்கினு இருந்தியே! கண்ணு இன்னா பொடனிலயா கீது? கும்பலாம், மறச்சிதாம்! ஒதச்சுதுன்றேன். என் காலு மேலயே பட்டுது!"

"அப்ப நீ சொல்லு ஜாபர். நீ கிட்ட இருந்த."

"நான் சொன்னா எவன் நம்பறான்? அதுக்குத்தான உன்ன கேக்கறது!"

சந்தை முழுக்க என்னைப் பார்த்தது. காலையில் வணக்கம் சொன்னவர்கள்கூட, படித்தவன் புத்தியைக் காட்டிவிட்டான் என்பதுபோலப் பார்த்தார்கள். எலும்பு வெட்டுகிற ஒருவர் கத்தியைத் தீட்டிக்கொண்டே, "சார் சீக்க மட்டும்தான் பாப்பாரு. உசுரு அவரு டிபாட்மெண்ட் இல்ல" என்றார். சிலர் சிரித்தார்கள். அவர் சொன்னதில் தப்பொன்றும் இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

யாரோ போய்ப் பள்ளிவாசல் இமாமை அழைத்துவந்தார்கள். ஹஜரத் என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவார்கள். அவர் கறியைத் தொடவில்லை. என் பக்கம் திரும்பி, நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். சொன்னேன். "நல்லது தம்பி. இதுக்கு மேல உங்ககிட்ட கேக்கறது நியாயமில்ல. இது நாங்க சுமக்க வேண்டியது" என்றார். பிறகு ஜாபரைப் பார்த்தார்.

"அறுத்தவன் முஸ்லிம். பேர் சொல்லி அறுத்திருக்கான். அவன் வாக்கு போதும். வேற சாட்சி தேவையில்ல. ஜாபரு, கத்தி வெச்சப்போ அதுக்கு உசுரு இருந்துச்சா? கால அசச்சுதா, ரத்தம் பாஞ்சு வந்துச்சா? நீ கண்டத சொல்லு. நீ சொல்றதுதான் முடிவு."

அதுவரை ஜாபரைப் போலக் கத்தியவர்கள் சந்தையில் இல்லை. இப்போது அவன் வாய் திறக்கவில்லை. மஸ்தான் பாய் பல்லைக் கடித்துக்கொண்டு, "சொல்லேண்டா!" என்றார். ஜாபர் தன் காலைக் குனிந்து பார்த்தான். கிடா உதைத்ததாகச் சொன்ன அந்தக் காலை.

"ஹஜரத்... ரத்தம் வந்துச்சி. பாஞ்சு வந்துச்சா, சொம்மா ஊத்திச்சான்னு எனக்கு தெரில. கால நான் பாக்கல. கயித்த வுட்டுட்டேன்ற பயத்துல கழுத்த மட்டும்தான் பாத்தேன். என் காலு மேல பட்டது ஆட்டுக் காலா, கும்பல்ல யாரோ காலான்னு..."

நான் பொய் சொல்லாததால்தான் அவனும் உண்மையைச் சொன்னான் என்று எழுதினால் எனக்குப் பெருமையாக இருக்கும். அது அப்படித்தானா என்று எனக்குத் தெரியாது. பத்துப்பேர் கூடவே கத்தும்போது வருகிற சொல் வேறு, 'நீ சொல்றதுதான் முடிவு' என்று தனியாக நிறுத்திக் கேட்கும்போது வருகிற சொல் வேறு என்பது மட்டும் தெரியும்.

ஹஜரத் யூசுப் சாயபு பக்கம் திரும்பினார். "ரத்தம் ஓடினதே போதும்னு சொல்ற, மார்க்கம் படிச்ச ஆலிம்களும் உண்டு. வேணும்னா எடுத்துக்கலாம். உங்க விருந்து, நீங்க சொல்லுங்க."

யூசுப் சாயபு கறி வெட்டும் கட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் நாடாவைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார். "வேணாம் ஹஜரத். என் வூட்டுக்கு வந்து ஒக்காந்தவன் வாயில வெக்கும்போது மனசுல ஒரு கேள்வி இருக்கக் கூடாது" என்றார்.

சந்தை வாசலில் கறிச்சாப்பாடு போடும் மிலிட்டரி ஓட்டல் வைத்திருந்த நாயுடு உடனே முன்னால் வந்தார். "எங்களாண்ட குடு பாய். எங்களுக்கு ஒரு கேள்வியும் கெடையாது. சார்தான் முத்திரை குத்திட்டாரே."

"துன்னக் கூடாதத விக்கவும் கூடாது நாயுடு" என்று மஸ்தான் பாய் கொக்கியிலிருந்து கிடாவை இறக்கி, என் முத்திரை மேலே தெரிய, குப்பை வண்டியில் தாமே கொண்டுபோய்ப் போட்டார்.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அப்போது கோபம் வந்தது. கறி என்பது கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் என்று வளர்ந்தவன் நான். நல்ல கறி, நானே பார்த்துச் சொன்ன கறி, வண்டியில் போகிறது. பாதி விருந்தும் அதோடு போயிற்று. இன்னொரு கிடாவுக்கு அந்த வேளையில் எங்கே போவது?

அந்தச் சமயத்தில்தான் அம்மா மீன் வரிசையிலிருந்து கூடையோடு வந்தாள். "இன்னாடா சூசே, எழவு வூடு மாரி எல்லாரும் நின்னுக்கினு கீறீங்க?" என்று என்னைக் கேட்டாள். விஷயத்தைச் சொன்னார்கள். அவள் யூசுப் சாயபுவைப் பார்த்து, "ஏன் சாயபு, மீனுக்கு யாரும் கத்தி வெக்க வேணாமே? கரைக்கு வரச்சொல்லவே அது செத்துத்தான கீது?" என்றாள்.

ஹஜரத் சிரித்துவிட்டார். "ஆமாம்மா. கடல்ல பிடிச்ச மீனுக்கு அந்தக் கேள்வியே இல்ல."

"அப்ப நாளைக்கு விடியறதுக்குள்ள வஞ்சிரம் கொணாந்து போடச் சொல்றேன். இறாலும் தரட்டா?"

"இறால் வேணாம்மா" என்றார் யூசுப் சாயபு அவசரமாக. "நாங்க துன்னுவோம். மாப்ள வூட்டுக்காரங்க தொட மாட்டாங்க. சட்டம் சொன்ன இமாம் அவங்களுக்கு வேற, எங்களுக்கு வேற."

"அடக் கடவுளே, இறாலுக்குமா ரெண்டு கட்சி?" என்று அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டாள். கூட்டம் அப்போதுதான் கொஞ்சம் கலகலத்தது.

இரண்டாவது கிடா வாசலில் கட்டியிருந்தது. மஸ்தான் பாய் கத்தியைத் தம்பி கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "இத நான் அறுத்துக்கறேன் சாயபு" என்றார். யூசுப் சாயபு தலையை ஆட்டினார். "ஜாபரே அறுக்கட்டும்" என்றார். ஜாபர் கிடாவை அவிழ்த்துக்கொண்டு ஆடு அறுக்கும் ஆட்டுத்தொட்டிக்குப் போனான். என்னைக் கடந்து போகும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் அம்மாவோடு குப்பத்துக்கு நடக்கும்போது என் ஆற்றாமையை அவளிடம் கொட்டினேன். நல்ல கறியைக் குப்பையில் போடலாமா, இது என்ன நியாயம் என்று கேட்டேன்.

"வெள்ளிக்கெயம நாம கறி துன்றதில்லியே, ஏன்?" என்றாள் அம்மா.

"சுத்த போசனம். ஆண்டவர் பாடுபட்ட நாளு."

"வெள்ளிக்கெயமன்னா கறி கெட்டா பூடுது?"

கையில் சம்பளம் வந்தபிறகும் எத்தனை வெள்ளிக்கிழமைகளில் கறியை ஒதுக்கியிருக்கிறேன்! ஒருநாளாவது அதில் நோய் இருக்கிறதா என்று யோசித்து ஒதுக்கினேனா? நோயில்லை என்பது ஒரு கேள்விக்குப் பதில். மனிதர்கள் தட்டில் விழுவதைப் பற்றிக் கேட்கிற கேள்வி அது ஒன்றுதான் என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கறியைப் போட்டது வீண் என்று அதன்பிறகு சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வருத்தம் முழுவதும் போய்விட்டது என்றும் சொல்லமாட்டேன்.

மறுநாள் விருந்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். மாம்பலத்தில் வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் பந்தல். ஜாபர் பந்தலுக்குள்ளேயே வரவில்லை, பின்னால் அடுப்படியில் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தான். முதல் பந்தியில் மாப்பிள்ளையின் பெரியப்பா உட்கார்ந்தார். தாடிவைத்த, கனத்த மனிதர். எதிரே வைத்த வஞ்சிர வறுவலைப் பார்த்துவிட்டு, "ஷாதியில் மீனா?" என்றார். யூசுப் சாயபு மறைக்கவில்லை. லஸ்ஸில் நடந்தது, சந்தையில் நடந்தது எல்லாவற்றையும் நின்றபடி சொன்னார்.

பெரியப்பா கையை எடுத்துக்கொண்டார். "அப்ப இந்த பிரியாணில இருக்கற கறி?"

"அது இன்னொரு கிடா. அதே பையன்தான் அறுத்தான்."

பந்தி முழுக்க யாரும் கையை வைக்கவில்லை. "கூப்பிடுங்க அவன" என்றார்.

ஜாபர் ஈரக்கையோடு வந்து நின்றான். இவர் எழுந்துபோனால் பந்தியே எழுந்துவிடும். கல்யாணம் நின்றுவிடாது, ஆனால் ஜாபர் தன் ஆயுசுக்கும் வேறு வேலைதான் பார்க்கவேண்டும்.

"இத நீ பாத்தியா?" என்றார் பெரியப்பா.

"பாத்தேன்."

"என்ன பாத்த?"

"அறுத்ததும் நாலு காலும் ஒதச்சுது. அப்புறம் மூணு அடங்கிச்சி. ஒரு காலு மட்டும் ரொம்ப நேரம் ஆடிக்கினே இருந்துச்சி. அது நிக்கிறவரைக்கும் அங்கேயே நின்னுக்கினு இருந்தேங்க."

பெரியப்பா அவனை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பிஸ்மில்லா சொல்லிச் சோற்றில் கைவைத்தார். பந்தி முழுக்கக் கைகள் இறங்கின. சாப்பிட்டுக்கொண்டே பக்கத்தில் இருந்தவரிடம் உருதுவில் ஏதோ சொன்னார். என்னவென்று நான் பிறகு கேட்டேன். 'பார்க்கவில்லை என்று சொல்லத் தெரிந்தவன் பார்த்தேன் என்றால் போதும்' என்றாராம். மீனையும் மிச்சம் வைக்கவில்லை.

ஜாபர் என்னோடு பேச வெகுநாளாயிற்று. அடுத்த ஈஸ்டருக்குக் கறி வாங்க அம்மாவே அவன் கடைக்குப் போனாள். சந்தைக்கே கேட்கும்படி, "இன்னாடா ஜாபரு, ஒதச்சுதா?" என்றாள். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம்போல இருந்தது. ஜாபர் கொஞ்சம் முறைத்துவிட்டு, "ஒதச்சுதும்மா. அண்ணனுக்கு ரெண்டு பல்லு பூட்ச்சி, வேணும்னா வாயத் தெறக்கச் சொல்லி பாரு" என்றான். மஸ்தான் பாய்தான் முதலில் சிரித்தார். பொட்டலத்தை ஜாபர் என் கையில் கொடுத்தான். "சார், முத்திரை கீற பக்கமா போட்டுக்கீறேன்" என்றான்.

நாளை முத்திரையை உங்களிடம் ஒப்படைத்துவிடுவேன். அதை மரியாதையாகவே குத்துங்கள். நோய் நொடி ஊருக்குள் வராமல் பார்ப்பது சின்ன வேலை இல்லை. ஆனால் அதைக்கொண்டு வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லச் சொல்லி யாராவது உங்கள் கையைப் பிடிப்பார்கள். அழுதுகொண்டு பிடிப்பார்கள். கண்டதை மட்டும் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. விடியற்காலையில் ஆட்டுத்தொட்டிக்குப் போனால், எல்லோரும் ஒன்றை அறுத்துவிட்டு அடுத்ததற்கு விரைவார்கள். ஒருவன் மட்டும் அறுத்த ஆட்டின் முன்னால் கத்தியைத் தாழ்த்திப் பிடித்தபடி நின்றுகொண்டிருப்பான். "நாழி ஆவுதுடா!" என்று அவன் அண்ணன் கத்துவார், அவன் நகரமாட்டான். வேலை நேரத்தில் ஒருவன் சும்மா நிற்கிறான் என்று உங்கள் அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான்.